பாட்டுக் கட்டிய மீனாட்சியம்மை

மாத்தளையிலிருந்து எல்கடுவவுக்குப் போகிறவர்கள் உக்குவளையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குவார்கள். வளைவுக்கு வளைவு காற்றுக் குளிர்ந்துகொண்டே வரும். மறுபக்கமாக இறங்கினால் வத்தேகமை, அதற்கப்பால் கண்டி. நீர்வீழ்ச்சியைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளுக்கு அது ஒரு ஹோட்டலின் பெயரோடு சேர்ந்த ஊர். பொருளாதாரப் பக்கத்துக்கு எழுதும் என் நண்பர்களுக்கு, அரசின் கையிலுள்ள பெருந்தோட்டக் கம்பனி ஒன்றின் பெயர். எனக்கு அது என் அம்மாயி பாட்டுப் படித்த ஊர்.

மலையகத்தில் பாட்டுப் பாடுவது என்று சொல்வதில்லை. பாட்டுப் படிப்பது என்றுதான் சொல்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத என் அம்மாயி நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் படிப்பார். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, மாசி மாதம் காமன்கூத்து நடக்கும்போது அதன் பாட்டுகள். இவற்றுக்கிடையில் மற்றவற்றோடு ஒட்டாத ஒரு பாட்டும் இருந்தது. மெட்டு என்னவோ பழகிய மெட்டுத்தான். ஆனால் அதில் மந்திரி வந்தார், சட்டம் வந்தது, கூலிக் கணக்கு வந்தது. சிறுவனாக இருந்த நான் ஒருநாள், "இது யாரு கட்டுன பாட்டு அம்மாயி?" என்று கேட்டேன். "யாரு கட்டுனா என்ன? தொங்கக் காம்பராவுல இருந்து எல்லாரும் படிப்போம்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது.

பல ஆண்டுகள் கழித்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது, சாரல்நாடன் 1988இல் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூல் கைக்குக் கிடைத்தது. அதன் வழியாகத்தான் மீனாட்சியம்மையை அறிந்தேன். என் அம்மாயி படித்தது மீனாட்சியம்மையின் பாட்டுத்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரம் எதுவுமில்லை. ஆனால் அப்படியொரு பாட்டு எல்கடுவ மலையிலுள்ள ஒரு லயத்துக்கு எப்படி வந்து சேர்ந்திருக்கக்கூடும் என்பதை மீனாட்சியம்மையின் வாழ்க்கை எனக்குச் சொன்னது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பாட்டு ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் நடந்து வந்த வடக்குப் பாதை, மன்னார்க் கரையில் தொடங்கிக் காடுகளினூடாகத் தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. காய்ச்சலுக்கும் பேதிக்கும் தப்பியவர்கள் மாத்தளையில் மூச்சு விட்டுக்கொண்டு, கங்காணி காட்டிய மலைகளுக்குப் பிரிந்து போனார்கள். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியதே தவிர ஆட்சி மாறவில்லை. தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. உள்ளே இருப்பவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கையில் 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டில் அவர் பட்ட கடன் எழுதப்பட்டிருக்கும். அதைப் பொறுப்பேற்கும் கங்காணியிடந்தான் அவர் போய்ச் சேரலாம். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

விடியுமுன் தப்படித்துப் பெரட்டுக்கு அழைப்பார்கள். பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏற வேண்டும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பெரிய கங்காணிக்கு ஆள் வேலைக்கு வந்த கணக்கில் தலைக்காசு. மாலையில் லயத்துக்குத் திரும்பியவரிடம் வந்து பேச ஒருவரும் இல்லை. பத்திரிகை வந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவரோ இருவரோ. இப்படி மூடிக் கிடந்த ஓர் உலகத்துக்குள் சேதி எப்படிப் போகும்?

இந்தக் கேள்விக்கு நடேசய்யர் முதலில் கண்ட விடை, வேஷம். தஞ்சாவூரைச் சேர்ந்த கோதண்டராம நடேசய்யர் 1887இல் பிறந்தவர். 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்த காலத்தில் இலங்கைக்கு வந்து, தோட்டத்துக்குள் நுழைய வேறு வழியில்லாமல் புடவை வியாபாரியாகத் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். கண்டதை எழுதினார். 1920ஆம் ஆண்டளவில் கொழும்பில் தங்கிவிட்டார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் அவர் கைக்கு வந்தன. 1925இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். ஏ. ஈ. குணசிங்கவுடன் சேர்ந்து கொழும்புத் தொழிலாளர் நடுவே வேலை செய்தார். பிறகு அந்த உறவு முறிந்தது. 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனம் ஒன்றைத் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். இந்த விவரங்கள் பெரும்பாலோருக்குத் தெரிந்தவை. பத்திரிகைத் தொழிலில் இருந்த நாங்கள் அவரை எங்கள் முன்னோடி என்று மேடைதோறும் சொல்லி வந்திருக்கிறோம். அவர் பக்கத்தில் நின்றவரைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் 'நடேசய்யரின் துணைவியார்' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டோம். நானும் அப்படி எழுதியவன்தான்.

மீனாட்சியம்மை 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியப் பணியில் பங்குகொண்டார். பெண்களின் உரிமை பற்றி அதில் எழுதினார். 1920களின் இலங்கையில் தமிழ்ப் பெண்ணொருவர் நாள்தோறும் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து அரசியல் எழுதினார் என்பதே ஒரு தனிக் கட்டுரைக்குப் போதுமானது. ஆனால் தோட்ட மக்கள் அவரை அறிந்தது எழுத்தால் அல்ல, குரலால்.

தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. ஆகவே கூட்டம் தோட்டத்தின் எல்லைக்கு வெளியே, கடைத்தெருவிலோ கோயில் முற்றத்திலோ நடக்கும். அங்கே ஆட்களை வரவைப்பது எப்படி? சட்டசபை உறுப்பினர் பேசுகிறார் என்று சொன்னால் வருவதற்கு அவர்கள் சட்டசபையைக் கண்டவர்களல்லர். வந்தால் கங்காணி பார்ப்பான், மறுநாள் பேர் விழாது என்ற அச்சமும் உண்டு. ஆனால் பாட்டுக் கேட்டால் கால் தானாக நகரும். கூட்டம் கூடுமுன் மீனாட்சியம்மை எழுந்து நின்று பாடுவார். சனம் சேரும். சேர்ந்த பிறகு நடேசய்யர் பேசுவார்.

தொடக்கத்தில் அவர் பாடியவை பாரதியின் பாடல்கள். பாரதி 1921இல் மறைந்தார். அவருடைய பாடல் நூல்களைச் சென்னை மாகாண அரசு 1928இல் பறிமுதல் செய்தது. அந்தப் பாரதி மலையகத் தோட்டங்களுக்குள் காகிதமாக அல்லாமல் மீனாட்சியம்மையின் தொண்டை வழியாகவே நுழைந்தார் என்று மலையக இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாரதி எழுதியது இங்கே தேயிலை மலையில் நின்ற பெண்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. கடல்தான் வேறு, கூடையும் கங்காணியும் ஒன்றுதானே.

பிறகு அவரே பாட்டுக் கட்டத் தொடங்கினார். கூலியைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, ஒற்றுமையைப் பற்றி. மக்கள் வாயில் ஏற்கனவே புழங்கிய மெட்டுகளை எடுத்துக்கொண்டு புதிய சொற்களை அவற்றில் ஏற்றினார். பாட்டுகள் அச்சாகித் துண்டுப் பிரசுரங்களாகவும் போயின. ஒருகாலத்தில் துண்டு என்றால் தொழிலாளியைக் கடனோடு கட்டிப்போட்ட காகிதம். இது வேறு துண்டு. இதைக் கையில் வைத்திருந்து பிடிபட்டாலும், முதல் நாளே பாட்டு மனப்பாடமாகியிருக்கும். துரையோ கணக்கப்பிள்ளையோ காகிதத்தைப் பறிக்கலாம்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அந்நாளைய கூலிக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1927இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இடைநாட்டில் முறையே 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. ஒரே மலையில் ஒரே சரிவில் நிற்கிறவர்களுக்கே இத்தனை விதக் கணக்கு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, 1930களின் தொடக்கத்தில், இந்தச் சொற்பக் கூலியும் குறைக்கப்பட்டது. எனக்கு என்ன சேர வேண்டும், எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று தொழிலாளி தெரிந்துகொள்வதற்குச் சட்டப் புத்தகம் உதவாது. நடேசய்யர் தொழிலாளர் சட்டத்தைப் பற்றி நூல் எழுதினார். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அந்த நூல் சொன்னதைப் பாட்டுச் சொன்னது. பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே ஒரு தாய் அதைச் சொல்லலாம், கேட்டால் தாலாட்டு.

கூலி விஷயத்தில் ஒரு சிறு குறிப்பைச் சேர்த்துவிடுகிறேன். தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது 1984இல்தான் நடைமுறைக்கு வந்தது. மீனாட்சியம்மை பெண்ணுரிமை பற்றி எழுதத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து.

அவருக்கு முன் மலையகத்தில் அச்சேறிய பாட்டு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' மலையகத்தின் முதல் இலக்கிய நூல் என்று குறிப்பிடப்படுகிறது. கோப்பிப் பயிர் செய்யும் முறையைக் கும்மிப் பாட்டாகச் சொல்வது அது. துரைமாரின் பக்கம் நின்று எழுதப்பட்ட நூல். தோட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று கற்பிக்கும் நூல். கோப்பி இலைநோய் கண்ட அதே ஆண்டில் அது வந்தது என்பது வரலாற்றின் சின்னக் குறும்பு. ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து மீனாட்சியம்மை கட்டிய பாட்டிலும் கும்மியும் தெம்மாங்கும்தான் ஒலித்தன. ஆனால் பேசுகிறவர் நின்ற இடம் மாறிவிட்டது.

1939ஆம் ஆண்டை அடுத்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் வேலையில்லாத் திண்டாட்டம். அதற்கு இந்தியர்களே காரணம் என்ற பிரசாரம் உச்சத்துக்குப் போனது. ஏற்கனவே 1937இல், கிராமச் சபைத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களிக்க முடியாதபடி சட்டம் திருத்தப்பட்டிருந்தது. 1939இல் அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கும் முடிவு வந்தது. ஜவாஹர்லால் நேரு அந்த ஜூலையில் கொழும்புக்கு வந்து அமைச்சர்களோடு பேசினார், பலனில்லை. அவர் வருகையின்போதே இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாயிற்று. ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்குத் தொழிலாளர் போவதை இந்திய அரசு தடை செய்தது. திருச்சிக்கும் சேலத்துக்கும் ஊர் பார்க்கப் போனவர்கள் அங்கேயும், குடும்பம் இங்கேயும் என்று எத்தனையோ வீடுகள் இரண்டாயின. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார்.

அந்த 1940ஆம் ஆண்டில் மீனாட்சியம்மையின் பாட்டு நூல் வெளிவந்தது. பெயர், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'. பாட்டுப் புத்தகத்துக்கு இப்படி ஓர் அறிக்கைத் தலைப்பா என்று இன்றைய வாசகருக்குத் தோன்றும். அவர் அதை அறிக்கையாகத்தான் கருதினார். இலங்கைவாழ் இந்தியரின் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிறது, உறங்குகிறவர்களைப் பாட்டால் தட்டியெழுப்ப வேண்டும் என்பதே அவர் முன்னுரையில் சொல்லும் கருத்து. சிங்கள மந்திரிகளின் வாதங்களை எடுத்துவைத்து அவற்றுக்குப் பதில் சொல்லும் பாட்டும் அதில் உண்டு. அரசாங்க சபையில் நடேசய்யர் ஆங்கிலத்தில் பேசிய விவாதம், சில வாரங்களில் தமிழ்ப் பாட்டாகி லயத்து வாசலில் நின்றது என்று வைத்துக்கொள்ளலாம். எந்தப் பத்திரிகையாளனும் பொறாமைப்படவேண்டிய வேகம்.

அந்தப் பாட்டுகள் நல்ல கவிதையா? உண்மையைச் சொல்வதானால் பலவும் இல்லை. எதுகைக்காகச் சொல் வளைந்திருக்கும். மேடைப் பேச்சின் சூடு தெரியும். உவமை தேடினால் கிடைக்காது. என் அம்மாயி படித்த ஒப்பாரிகளில் இருந்த கவித்துவம் அவற்றில் இல்லை. ஆனால் பாட்டு எந்த வேலைக்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையை வைத்தே அதை அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே தடவை கேட்டு மனத்தில் தங்க வேண்டும். கூட்டம் சேர்ந்து படிக்க ஏதுவாக இருக்க வேண்டும். பாட்டறியாதவர் வாயிலும் சிதையாமல் நிற்க வேண்டும். இது எளிய கலை அல்ல. தமிழ்நாட்டில் மதுரகவி பாஸ்கரதாஸ் இதைத்தான் செய்தார். தியாகி விசுவநாததாஸ் முருகன் வேடத்தில் நாடக மேடையில் நின்று தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பரின் கடைசி நாள் சென்னையில் மேடையிலேயே உயிர் துறந்தார். கே. பி. சுந்தராம்பாள் காங்கிரசுக்காகப் பாடினார். அவர்களுக்கு நாடக மேடை இருந்தது, சிலருக்குக் கிராமபோன் தட்டும் இருந்தது. மீனாட்சியம்மைக்கு இரண்டும் இல்லை. டிக்கெட் வாங்கிக் கேட்க அவருடைய சபையிடம் காசும் இல்லை.

உலகின் மறுகோடியிலும் அதே ஆண்டுகளில் இதே வகையான ஒரு பெண் இருந்தார். மெக்சிக்கோவைச் சேர்ந்த கொன்ச்சா மிச்செல், 1899இல் பிறந்தவர். கித்தாரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாட்டுகளைச் சேகரித்தார். தாமே பாட்டுக் கட்டிப் பாடினார். மெக்சிக்கோவில் 'கொரீடோ' என்றொரு கதைப்பாட்டு வகை உண்டு. நம் ஊரில் கொலைச் சிந்து விற்றதுபோல, புரட்சியையும் கொலையையும் ரயில் விபத்தையும் ஒற்றைத்தாளில் அச்சடித்துச் சந்தையில் பாடி விற்பார்கள். அந்த மரபை மிச்செல் உழவர் உரிமைக்கும் பெண்ணுரிமைக்கும் திருப்பினார். பெண்கள் பிரச்சினையில் கட்சியோடு முரண்பட்டதால் 1930களில் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். 1936இல் முன்னாள் ஜனாதிபதி ஒருவரின் பண்ணையைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்ப் பிடித்தார். 1990 வரை வாழ்ந்தார். அவரை அந்த நாடு பாடகி, பாடலாசிரியர் என்ற பெயரால் அறியும்; அவருடைய கணவர் யாரென்று சொல்லி யாரும் அறிமுகம் செய்வதில்லை. இருவரையும் ஒப்பிட்டு ஒருவரை உயர்த்துவது என் நோக்கமல்ல. மிச்செலிடம் நகரமும் ஓவியர்களும் கல்வி அமைச்சும் இருந்தன, டியேகோ ரிவேராவும் ஃபிரீடா காலோவும் நண்பர்களாக இருந்தார்கள். மீனாட்சியம்மையிடம் ஓர் அச்சகமும் பெரட்டுக்களத்துக்கு அப்பால் ஒரு கடைத்தெருவும் இருந்தன.

நம் ஊரிலும் ஒற்றைத்தாள் பாட்டுக்காரர்கள் அவருக்குப் பிறகு பெருகினார்கள். பெரியாம்பிள்ளை, ஜில் சுல்தான், சிட்டுக்குருவியார் என்று பெயர்கள் இன்னும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கின்றன. தோட்டத்துச் சம்பள நாளில், கோயில் திருவிழாவில், ரயில் பெட்டியில் நின்று பாடித் தாளை விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். சங்கத் தகராறு, பிரசாவுரிமை, வெள்ளம், கொலை எல்லாம் அந்தத் தாள்களில் வரும். மலையகத்தின் செய்தித் துறை அதுதான் என்று நான் சொல்வேன். நாங்கள் கொழும்பில் உட்கார்ந்து எழுதியதெல்லாம் இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

மீனாட்சியம்மையின் நூல்பெயரில் உள்ள 'இந்தியர்களது' என்ற சொல்லை இன்று வாசிக்கும்போது ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் அதை உரிமைக்கான சொல்லாக எடுத்துக்கொண்டார். இலங்கையை உழைத்து உருவாக்கியவர்கள் நாங்கள், எங்களுக்கு இங்கே நியாயம் வேண்டும் என்பதற்காக ஒரு பெரிய தேசத்தின் பெயரைத் துணைக்கு அழைத்தார். எட்டு ஆண்டுக்குள் அதே சொல்லை மறுபக்கம் எடுத்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1939இல் சுமார் 2,25,000 இந்திய வம்சாவளி வாக்காளர்கள் பதிவாகியிருந்த நாடு அது. இந்தச் சட்டத்தை நடேசய்யர் பார்க்கவில்லை. 1940களில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வளர வளர அவருடைய சம்மேளனம் தேய்ந்தது. 1947 நவம்பர் 7ஆம் திகதி அவர் காலமானார். சுதந்திரத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

சம்மேளனம் தேய்ந்தபோது கூட்டங்களும் குறைந்தன, பாட்டுக்கு மேடையும் குறைந்தது. ஆனால் கட்டிய பாட்டுகள் அதற்குள் கைமாறிவிட்டன. ஒருவர் ஒரு வரியை மறந்து தம் வரியைச் சேர்த்திருப்பார். மந்திரியின் பெயரை விட்டுவிட்டுத் தங்கள் தோட்டத்துக் கங்காணியின் பெயரைப் போட்டிருப்பார்கள். இப்படித்தான் கட்டியவர் பெயர் கரையும். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று இரண்டு தலைநகரங்கள் ஆட்களை எண்ணிப் பிரித்தன. எல்கடுவவிலிருந்தும் குடும்பங்கள் தகரப்பெட்டியோடு இறங்கித் தலைமன்னாருக்கு ரயிலேறின. கப்பலில் போனவர்கள் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலை மலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். என் அம்மாயியின் தங்கை அப்படிப் போனவர். பாட்டுகளும் அவர்களோடு பெயரில்லாமலே போயிருக்க வேண்டும்.

நாட்டார் பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர்; தாமே கவிஞர். அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அத்தொகுப்பு இல்லையென்றால் நம்மிடம் எஞ்சியிருப்பது இன்னும் குறைவாக இருக்கும். இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. பாட்டுத் தொகுப்பாளர்கள் அனைவரும், தமிழ்நாட்டிலும் சரி இங்கேயும் சரி, தொன்மையான பாட்டையே தேடினார்கள். மந்திரியும் சட்டமும் வரும் பாட்டைக் கேட்டால் 'இது அரசியல்காரர்கள் சொல்லிக்கொடுத்தது' என்று ஒதுக்கும் மனப்போக்குப் பொதுவாக இருந்தது. ஆசிரியர் பெயர் இல்லாததால் இலக்கிய வரலாற்றில் இடமில்லை. அரசியல் இருப்பதால் நாட்டார் பாட்டிலும் இடமில்லை. மீனாட்சியம்மையின் வகைப் பாட்டு இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே நின்றுவிட்டது. சாரல்நாடன், அந்தனி ஜீவா, லெனின் மதிவானம் முதலியோர் அவரைப் பற்றி எழுதியிராவிட்டால் அந்த 1940ஆம் ஆண்டுச் சிறுநூலும் பலரின் நினைவுக்கு வந்திராது.

என் குற்றத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பேட்டி எடுத்துப் பிழைத்தவன் நான். மந்திரிமாரின் வாயிலிருந்து விழுந்த பயனற்ற சொற்களைக்கூட ஒலிநாடாவில் பிடித்து, நாடா நாடாவாக அடுக்கி வைத்திருந்தேன். விடுமுறைக்கு எல்கடுவவுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பதிவுக் கருவி என் பையிலேயே இருந்தது. அம்மாயி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே படித்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை பதியலாம் என்று விட்டேன். 1998இல் அவர் போய்விட்டார். மந்திரி வரும் அந்தப் பாட்டில் இன்று எனக்கு மெட்டு முழுவதும் நினைவிருக்கிறது. சொற்களில் ஒன்றரை வரி மட்டும்.

2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் புறப்பட்டவர்கள் முன்னோர் வந்த வடக்குப் பாதை வழியே நடந்து ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். வெயிலில் கறுத்த முகங்களும் கொப்புளம் கண்ட கால்களுமாக அவர்கள் நகருக்குள் வந்தபோது நான் வீதியோரம் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு குழுவினர் தப்படித்துப் பாடிக்கொண்டு வந்தார்கள். தேயிலைக்குக் கூடை ஏந்திய கையும் காணிக்கும் வீட்டுக்குமான கோரிக்கையும் அந்தப் பாட்டில் இருந்தன. மெட்டு, காமன்கூத்து மெட்டு.

அவர்கள் நிழலில் ஒதுங்கித் தண்ணீர் குடித்தபோது, முன்னால் பாடி வந்த பெண்ணிடம் போய்ப் பாட்டு யார் கட்டியது என்று கேட்டேன். இருபத்தைந்து வயதிருக்கும், தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். "நான்தான் சேர். ரெண்டு வரி எங்க அம்மா சேர்த்தாங்க" என்றார். கையிலிருந்த குறிப்பேட்டில் பாட்டை முழுவதும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அவருடைய பெயரையும், அவருடைய அம்மாவின் பெயரையும், தோட்டத்தையும், திகதியையும் அதன் கீழே எழுதினேன். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, இன்னொரு முறை படிக்க முடியுமா என்று கேட்டேன்.